கண்மாயைத் தேடாதீர்கள், அலுவலகத்தைத் தேடுங்கள்

கேள்வி இது: "மதுரைப் பகுதியின் கண்மாய்ப் பாசனம் பற்றி, 1870 முதல் 1950 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டு முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் 'அரசு வெளியீடுகள்' என்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது. கணினிப் பட்டியலில் கண்மாய், ஏரி, பாசனம் என்று எதைத் தட்டினாலும் நாலைந்து புதிய புத்தகங்களைத் தவிர எதுவும் வருவதில்லை. அந்தப் பகுதியில் உண்மையிலேயே எனக்கு ஏதாவது இருக்கிறதா, அல்லது நேரே ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடலாமா?"

இருக்கிறது. ஒரு முனைவர் பட்டத்துக்கு வேண்டியதைவிட அதிகமாகவே இருக்கும். பட்டியலில் வராததற்குக் காரணம், நீங்கள் பொருளைத் தேடுகிறீர்கள். அந்த அலமாரிகளோ அலுவலகங்களின்படி அடுக்கப்பட்டவை. சாதாரண நூலுக்கு ஆசிரியர் ஓர் ஆள். அரசு வெளியீட்டுக்கு ஆசிரியர் ஒரு துறை, ஒரு வாரியம், ஒரு ஆணையம். தலைப்பு பெரும்பாலும் 'ரிப்போர்ட்' என்றோ 'புரொசீடிங்ஸ்' என்றோதான் இருக்கும். உள்ளே முந்நூறு பக்கம் கண்மாய்க் கதையாக இருந்தாலும் பட்டியல் அட்டையில் அந்தச் சொல்லுக்கு இடம் இருக்காது. ஆகவே 'கண்மாயைப் பற்றி என்ன புத்தகம் இருக்கிறது' என்று கேட்காதீர்கள். 'கண்மாய் விஷயத்தில் எந்த அலுவலகத்துக்கு வேலை இருந்தது, அது யாருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது' என்று கேளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

அலுவலகத்தின் பெயரைத் தட்டும்போதும் ஒரு சிக்கல் உண்டு. ஆட்சிப் பகுதியின் பெயரும் எல்லையும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. சென்னை மாகாணம் 1950இல் சென்னை மாநிலம் ஆனது. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1956இல் மொழிவாரிச் சீரமைப்பு. 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு. ஒரே ஆண்டறிக்கை வரிசை பட்டியலில் மூன்று தலைப்புகளின் கீழ் சிதறிக் கிடக்கலாம். 1940 வரை வந்து வரிசை நின்றுவிட்டதுபோல் தெரிந்தால் உடனே 'நூலகத்தில் இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். அடுத்த பெயரில் தேடிப் பாருங்கள். கணினிப் பட்டியலையும் முழுதாக நம்ப வேண்டாம். பல பல்கலைக்கழகங்களில் பழைய அட்டைப் பட்டியலைக் கணினியில் ஏற்றியபோது அரசு வெளியீடுகளைக் கடைசிக்கு ஒதுக்கினார்கள், கடைசி வரவேயில்லை. அலமாரிப் பதிவேடு என்று ஒன்று இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அலமாரிக்கு நேரே போக அனுமதி கிடைத்தால் இன்னும் நல்லது.

இனி, நூலகமா காப்பகமா என்ற கேள்விக்கு வருகிறேன். 1890இல் ஒரு கண்மாயின் கரை உடைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமக் கணக்கர் தாசில்தாருக்கு எழுதுவார். தாசில்தார் பத்து ஊர்க் கண்மாய்களைச் சேர்த்துக் கலெக்டருக்கு எழுதுவார். கலெக்டர் மாவட்டம் முழுவதற்குமாக வருவாய் வாரியத்துக்கு எழுதுவார். வாரியம் தன் கருத்தைச் சேர்த்து அரசுக்கு அனுப்பும்; பொதுப்பணித் துறைப் பொறியாளர் தனியே ஒரு மதிப்பீடு போடுவார். கோட்டையிலிருந்து ஓர் அரசாணை பிறக்கும். ஆண்டு இறுதியில் அந்த ஆணையும் அதுபோன்ற நூறு ஆணைகளும் நிர்வாக அறிக்கையில் இரண்டு வரியாகச் சுருங்கும். கீழே போகப் போக விவரம் கூடும், கையெழுத்துப் பிரதியாக இருக்கும், ஒரே பிரதிதான் இருக்கும். மேலே வர வர விவரம் குறையும், அச்சாகும், பல பிரதிகள் பரவும். பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பது இந்த ஏணியின் மேல்படிகள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருப்பது நடுப்படிகள். அடிப்படிகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டது; மிச்சம் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறைகளிலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் கிடக்கிறது.

மேல்படியில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். சென்னை ரிக்கார்ட் ஆபீஸ் என்ற பெயரில் 1909இல் அமைந்த இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 17ஆம் நூற்றாண்டு முதலான கம்பெனிக் காலப் பதிவுகள் இருக்கின்றன. அங்கே போய் 'கண்மாய் பற்றி என்ன இருக்கிறது' என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. வேண்டுகைச் சீட்டில் துறை, எண், நாள் எழுதிக் கொடுத்தால்தான் கட்டு வெளியே வரும். அந்தத் துறையும் எண்ணும் நாளும் எங்கே கிடைக்கும்? உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் தூசு படிந்து கிடக்கும் அச்சிட்ட அறிக்கைகளின் பக்க ஓரங்களிலும் அடிக்குறிப்புகளிலும்தான். ஆண்டறிக்கையில் ஒரு பத்தியின் முடிவில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண்ணும் தேதியும் இருந்தால், அந்தப் பத்தியைவிட அந்த எண்தான் உங்களுக்கு மதிப்புள்ளது.

அரசாணையை எப்படிப் படிப்பது என்று இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மாணவர்கள் நடுவில் இருக்கும் 'ஆணை' என்ற பகுதியை மட்டும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆணையில் கிடைப்பது முடிவு மட்டும். அதன் வரலாறு முன்னும் பின்னும் இருக்கிறது. மேலே சுருக்கம்; அடுத்துத் துறை, எண், நாள்; அதற்குக் கீழே 'படிக்கப்பட்டவை' என்று ஒரு பட்டியல். இந்த ஆணைக்கு முன்னால் மேசைக்கு வந்த கடிதங்கள், முந்தைய ஆணைகள், வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் எல்லாம் அங்கே எண்ணோடும் நாளோடும் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒவ்வொன்றையும் எடுத்தால் அதற்கும் அப்படி ஒரு பட்டியல் இருக்கும். இப்படிப் பின்னோக்கிப் போனால் கலெக்டரின் முதல் கடிதம் வரை எட்டிவிடலாம். பழைய அரசாணைக் கட்டுகளில் அந்தக் கடிதங்களே இணைப்பாக இருப்பதும் உண்டு. கடைசியில் 'பெறுநர்', 'நகல்' என்று வரும் பெயர்களையும் விடாதீர்கள். ஒரு கண்மாய் ஆணையின் நகல் காட்டுத் துறைக்கும் போயிருந்தால், அங்கே இன்னொரு கோப்பு திறந்திருக்கிறது என்று பொருள். உங்களுக்கு முன் இந்தத் தலைப்பில் எழுதிய யாரும் அந்தக் கோப்பைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

எண்ணை மட்டும் குறித்துவைப்பது வீண். ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து எண் போடத் தொடங்கும். ஒரே ஆண்டில் ஒரே எண்ணுள்ள ஆணைகள் பல துறைகளில் இருக்கும். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் பற்றிப் பேசுகிறவர்கள் 1921இன் 613, 1927இன் 1071 என்று எண்ணாலேயே சொல்லிவிடுவார்கள். அது புகழ் பெற்ற ஆணைகளுக்குக் கிடைத்த சலுகை. உங்கள் கண்மாய் ஆணைக்கு அந்தச் சலுகை இல்லை. துறை, எண், நாள் மூன்றும் சேர்ந்தால்தான் முகவரி. எண்ணுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் வரும் வகைக் குறிப்பையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் தலைப்புக்கு எந்த அலமாரியில் தொடங்கலாம்? மதுரைக்கு ஜே. எச். நெல்சன் 1868இல் வெளியிட்ட மாவட்டக் கையேடும், டபிள்யூ. பிரான்சிஸ் எழுதி 1906இல் வந்த கெசட்டியரும் (மாவட்ட விவரத் தொகுப்பு) கட்டாயம். இரண்டையும் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள் என்பதால் அவற்றில் புதிதாக எதையும் கண்டுபிடிக்கப்போவதில்லை. ஆனால் நிலப்பரப்பும் பெயர்களும் பிடிபடும். இந்த வரிசை நூல்களை எழுதிய அதிகாரிகள் வேறு என்னென்ன எழுதினார்கள் என்று பார்ப்பது நல்ல பழக்கம். பிரான்சிஸ்தான் 1901 குடிக்கணக்கெடுப்பின் சென்னை மாகாண அறிக்கையையும் எழுதினார். வட ஆர்க்காடு கையேட்டைத் திருத்திய எச். ஏ. ஸ்டூவர்ட்தான் 1891 குடிக்கணக்கு அறிக்கையின் ஆசிரியர். கோயம்புத்தூர் கையேட்டை 1887இல் எழுதிய எப். ஏ. நிக்கல்சன், பிறகு விவசாயக் கடன் வங்கிகள் பற்றிய அறிக்கையை எழுதினார். 1904 கூட்டுறவுச் சட்டத்துக்கு முன்னோடி அது. இரண்டு வெவ்வேறு அரசு நூல்கள் ஒரே கருத்தைச் சொல்கின்றன என்று நீங்கள் மகிழும்போது, இரண்டையும் எழுதிய கை ஒன்றாக இருக்கலாம். அது இரண்டு சாட்சி ஆகாது.

அடுத்து நிலவரித் திட்ட அறிக்கைகள், அதாவது செட்டில்மென்ட், ரீசெட்டில்மென்ட் ரிப்போர்ட்டுகள். நஞ்சை எவ்வளவு, எந்தக் கண்மாய் எந்தத் தரம், எந்த நீராதாரம் எத்தனை மாதம் நீர் தரும் என்பதை வைத்துத்தான் தீர்வை நிர்ணயித்தார்கள். ஆகவே கண்மாயைப் பற்றி அக்கறையோடு எழுதியவர்கள் வரி போட வந்தவர்களே. அதன் பிறகு பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவு ஆண்டறிக்கைகள். 1883இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தின் கீழ் ஒவ்வோர் ஏரியையும் அளந்து, நீர்ப்பிடிப்புப் பகுதி, கரை, கலிங்கு (மிகை நீர் வழியும் இடம்), மடை (நீர் திறக்கும் வாய்), ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) விவரங்களைத் தனித்தனிக் குறிப்பேடாக எழுதினார்கள். குறிப்பேடுகள் பெரும்பாலும் துறையிடம் இருக்கும். எந்த வட்டத்தில் எந்த ஆண்டு அளவை முடிந்தது என்பது ஆண்டறிக்கையில் இருக்கும். பெரியாறு அணைக்கு 1886இல் குத்தகை ஒப்பந்தம் ஆகி 1895இல் நீர் திறந்ததும் மதுரைப் பாசனத்தின் கணக்கே மாறியது. அதைப் பற்றி ஏ. டி. மெக்கன்சி எழுதிய வரலாற்றை அரசு அச்சகம் 1899இல் வெளியிட்டது. வைகை வடிநிலத்தில் எந்தக் கண்மாய்கள் பெரியாற்றுப் பாசனத்துக்குள் வந்தன, எவை வெளியே நின்றன என்ற கோட்டை நீங்கள் போட அது உதவும்.

இந்த அறிக்கைகளில் ஆண்டு, ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டான பசலியில் இருக்கும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும்: பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. மழை ஆண்டும் பசலியும் ஏறக்குறைய ஒத்துப்போகும்; நாட்காட்டி ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடும்போதுதான் வடகிழக்குப் பருவமழையை ஒரு வருடம் தள்ளிப் போட்டுவிடும் அபாயம்.

இனிச் சொல்லப்போவது உங்கள் ஆய்வின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். செட்டில்மென்ட் அறிக்கைகள், குடியானவர் நேரே அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி நிலங்களுக்குத்தான். ராமநாதபுரமும் சிவகங்கையும் 1803இல் நிரந்தர ஜமீன்களாக நிலைப்படுத்தப்பட்டவை. கண்மாய் நெருக்கமாக இருக்கும் சீமை அதுதான். ஆனால் ஜமீன் ஆண்டுதோறும் அரசுக்குக் கொடுக்க வேண்டிய பேஷ்குஷ் என்ற கப்பத் தொகை நிலையானது என்பதால், அங்கே எந்தக் கண்மாயில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று கவலைப்பட அரசுக்கு வரிக் காரணம் இல்லை. எனவே அளவையும் இல்லை, அறிக்கையும் இல்லை. பருவம், பயிர் அறிக்கைகளில்கூட ஜமீன் கிராமங்களின் கணக்கு நீண்ட காலம் அரைகுறைதான். அச்சிட்ட அரசு வெளியீடுகளை மட்டும் வைத்து வரைபடம் போட்டால், கண்மாய்கள் மேற்கே நெருக்கமாகவும் கிழக்கே போகப் போக அருகியும் இருப்பதாகத் தோன்றும். நிலத்தில் இருப்பதோ அதற்கு நேர்மாறு. ஆவணம் எந்த அலுவலகத்துக்கு ஏன் தேவைப்பட்டது என்று கேட்காதவர்கள் விழும் பள்ளம் இது. நல்ல ஆய்வேடுகளிலும் இந்த வழுக்கலைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் ஜமீன் கண்மாய்களுக்கு என்ன வழி? யாருக்கு அங்கே வேலை வந்தது என்று பாருங்கள். 1908இன் எஸ்டேட் நிலச் சட்டம் வந்த பிறகு ஜமீன்தாருக்கும் குடியானவருக்கும் இடையிலான வழக்குகள் வருவாய் நீதிமன்றங்களுக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் வந்தன. கண்மாயைப் பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்பது அவற்றில் பல வழக்குகளின் வேர். அச்சிட்ட தீர்ப்புத் தொகுதிகள் உங்கள் பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவில் இருக்கும். அரசு வெளியீடுகள் பகுதியில் தேடினால் கிடைக்காது. அடுத்து, டி. பிரகாசம் தலைமையில் அமைந்த எஸ்டேட் நிலச் சட்டக் குழுவின் 1938ஆம் ஆண்டு அறிக்கை. அறிக்கையோடு நின்றுவிடாமல் சாட்சியத் தொகுதிகளையும் கேட்டு வாங்குங்கள். குடியானவர்கள் தங்கள் ஊர்ப் பெயரோடு வந்து தீர்வை, நீர், காடு பற்றிச் சொன்னவை அவற்றில்தான் இருக்கின்றன. பிறகு 1948இன் 26ஆம் சட்டம் ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரிக்கு மாற்றியதும், அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த அரசு அந்தக் கண்மாய்களை எல்லாம் ஒரே மூச்சில் அளக்க வேண்டியதாயிற்று. உங்கள் காலவரம்பை 1950இல் முடிக்காமல் பத்து ஆண்டு நீட்டினால் அந்தச் செல்வம் முழுவதும் உங்கள் வட்டத்துக்குள் வந்துவிடும். நெறியாளரிடம் பேசிப் பாருங்கள்.

எல்லை மாற்றமும் இதோடு சேர்ந்தது. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து ராமநாதபுரம் மாவட்டத்தை உருவாக்கினார்கள். 1901இன் மதுரையும் 1911இன் மதுரையும் ஒன்றல்ல. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் 'பாசனப் பரப்பு சரிந்தது' என்று எழுதிவிட்டால், வாய்மொழித் தேர்வில் ஒருவராவது கேட்டுவிடுவார். வட்ட வாரியாகக் கணக்கை இறக்கி, நீங்களே ஒரே எல்லைக்குக் கூட்டிக்கொள்வதுதான் வழி.

அறிக்கையைவிடச் சாட்சியத் தொகுதி மேல் என்று சொன்னேன். அது எல்லா ஆணையங்களுக்கும் பொருந்தும். 1927-28இல் டி. ரங்காச்சாரியார் தலைமையில் இயங்கிய திரைப்படக் குழுவின் அறிக்கை ஒரு தொகுதி. சாட்சியங்கள் நான்கு தொகுதி. 1931இல் அறிக்கை தந்த தொழிலாளர் ராயல் ஆணையம் சென்னை மாகாணத்துக்கும் குடகுக்குமாகத் தனிச் சாட்சியத் தொகுதி போட்டது. அறிக்கை என்பது உறுப்பினர்கள் ஒத்துப்போன இடங்களின் தொகுப்பு. சாட்சியத்தில்தான் முரண்பாடு அப்படியே இருக்கும்: கேள்வி கேட்டவர் எங்கே மடக்கினார், பதில் சொன்னவர் எங்கே நழுவினார் என்பது வரை. நூலகங்களில் அறிக்கை மட்டும் இருந்து சாட்சியத் தொகுதிகள் இல்லாமல் போவது வழக்கம். அறிக்கை விலைக்கு வந்தது. சாட்சியத்தை வாங்க யாரும் பணம் ஒதுக்கவில்லை.

'அரசு சொல்கிறது' என்று எழுதாதீர்கள் என்பதற்கும் இதே காரணம்தான். அரசு ஒருபோதும் ஒரே குரலில் பேசியதில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலையாட்களின் கூலியை ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் என்று குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் அது உயிர் தாங்காத அளவு என்று அரசுக்குள்ளிருந்தே கடுமையாக எதிர்த்து எழுதினார். இரண்டு பேரின் வாதமும் அரசு அச்சில்தான் இருக்கிறது. 1871 குடிக்கணக்கின் சென்னை அறிக்கையை எழுதியவரும் இதே கார்னிஷ்தான். 1881 கணக்கெடுப்பில் மாகாணத்தின் மக்கள் தொகை கூடுவதற்குப் பதிலாகக் குறைந்திருந்ததைப் பார்க்கும்போது, அந்த வாதத்தின் கனம் தெரியும்.

குடிக்கணக்கைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. உங்கள் தலைப்புக்கு அது துணைச் சான்று மட்டும். ஆனால் அட்டவணையைத் தொடும் முன், அதற்கு முன்னால் இருக்கும் விளக்கக் குறிப்பைப் படியுங்கள். 1961இல் 'உழைப்பவர்' என்பதற்கு இருந்த வரையறையை 1971இல் இறுக்கினார்கள். உழைக்கும் பெண்களின் விகிதம் தாளில் ஏறக்குறைய பாதியாக விழுந்தது. பெண்கள் வயலை விட்டுப் போகவில்லை, கேள்விதான் மாறியது. 1951 முதல் மாவட்டக் குடிக்கணக்குக் கையேடுகள் ஊர் வாரியாகக் கிடைக்கின்றன. 1961இல் பி. கே. நம்பியார் பொறுப்பில் வந்த சென்னை மாநிலக் கிராம ஆய்வு நூல்களில் உங்கள் பகுதியின் ஊர் ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம்.

ஆய்வாளர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துவது சட்டமன்ற நடவடிக்கைத் தொகுதிகளை. 1920களிலிருந்து சென்னைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கள் தொகுதியின் பாலம், பள்ளி, கண்மாய் பற்றிக் கேட்ட வினாக்களும், அமைச்சரோ நிர்வாக உறுப்பினரோ தந்த பதில்களும் ஊர்ப் பெயர், தொகை, ஆண்டு என்று அச்சில் இருக்கின்றன. ஒவ்வொரு தொகுதிக்கும் பொருளடைவு உண்டு. தேவதாசி ஒழிப்பு பற்றி எழுதுகிறவர்கள் முத்துலட்சுமி ரெட்டியின் உரைக்காக இந்தத் தொகுதிகளைப் புரட்டுகிறார்கள். அதே தொகுதியில் நாலு பக்கம் தள்ளி ஒரு மடை பழுதான கதை இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. அதுபோலவே, தமிழ்ப் பத்திரிகைகளில் என்ன எழுதுகிறார்கள் என்று அரசு வாரந்தோறும் மொழிபெயர்த்துத் தன் அதிகாரிகளுக்கு மட்டும் சுற்றுக்கு விட்ட சுதேசிப் பத்திரிகை அறிக்கைகள். கண்காணிக்கத்தான் செய்தார்கள். ஆனால் அந்தப் பத்திரிகைகள் பலவற்றின் இதழ்கள் இன்று எங்கும் இல்லை. கண்காணித்தவரின் சுருக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதில் கண்மாய்ப் புகார்கள் வரும்.

சென்னை அரசிதழான புனித ஜார்ஜ் கோட்டை கெசட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1832இல் தொடங்கியது. நியமனமும் இடமாற்றமும்தான் இருக்கும் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கால்வாய் வெட்டவும் கண்மாயை விரிக்கவும் நிலம் எடுத்தபோது, 1894 நில எடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த அறிவிப்புகள் அதில்தான் இருக்கின்றன: ஊர், சர்வே எண், பரப்பு எல்லாம் விலாவாரியாக. இணைப்பாகக் காலாண்டுதோறும் பதிவான நூல்களின் பட்டியலும் வந்தது. 1867 அச்சக, நூல் பதிவுச் சட்டத்தின் பலன். அது வேறு ஆய்வுக்கு உதவும், உங்களுக்கு இல்லை.

தொகுப்பில் ஓட்டைகள் இருக்கும். அதற்கு நூலகரைக் கோபிக்காதீர்கள். அமெரிக்காவில் அரசு வெளியீடுகளைக் குறிப்பிட்ட நூலகங்களுக்கு இலவசமாக அனுப்ப 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சட்ட ஏற்பாடு உண்டு. அவற்றில் பல, பல்கலைக்கழக நூலகங்கள். நம் நாட்டில் 1954இன் நூல் வழங்கல் சட்டம் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி கொடுக்கச் சொல்கிறது. பல்கலைக்கழகங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அச்சிட்டவற்றுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. ஆகவே பல்கலைக்கழகத்துக்கு வந்தவை விலைக்கு வாங்கியவை, பரிமாற்றத்தில் வந்தவை, ஓய்வு பெற்ற அதிகாரிகளின் வீடுகளிலிருந்து வந்தவை. அதனால்தான் 1912 இருக்கும், 1913 இருக்காது. விடுபட்ட ஆண்டை கன்னிமாராவில் தேடுங்கள். சென்னையில் இல்லாதது சிகாகோவில் இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அமெரிக்கக் கோதுமைக்கு இந்தியா ரூபாயில் கட்டிய பணத்தைக் கொண்டு, 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்திய அரசு வெளியீடுகளை வாரி வாங்கி அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. நம் வட்டார அலுவலகம் எடைக்குப் போட்ட அறிக்கை அங்கே பைண்டு செய்து அலமாரியில் நிற்கிறது.

இணையத்தில் நிறைய ஏறிவிட்டது: தமிழிணையம் மின்னூலகம், தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல், குடிக்கணக்குத் துறையின் மின்னூலகம். பயன்படுத்துங்கள், ஆனால் இரண்டு இடங்களில் ஏமாற்றும். ஒன்று, மடித்துவைத்த வரைபடங்களை விரிக்காமலே ஒளிவருடியிருப்பார்கள். பாசன வரைபடம் வேண்டுமானால் தாள் பிரதிதான் கதி. இன்னொன்று, அட்டவணையிலிருந்து எழுத்துணரி (OCR) இறக்கும் எண்களில் 3 எல்லாம் 8 ஆகியிருக்கும், நிரல் ஒன்று இடம் மாறியிருக்கும். கூட்டுத்தொகை பொருந்துகிறதா என்று வரிக்கு வரி பாருங்கள். பொருந்தாவிட்டால், சில சமயம் 1890இல் அச்சுக் கோத்தவரே குற்றவாளியாக இருப்பார்.

பலரும் கேட்பதால் இதையும் சேர்க்கிறேன்: சொந்த நிலத்தின் பழைய பட்டா, அ-பதிவேடு, அடங்கல் இவற்றைப் பல்கலைக்கழக நூலகத்தில் தேடி அலையாதீர்கள். அவை வெளியீடுகள் அல்ல, பதிவுகள். வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஆட்சியர் பதிவறையிலும் ஆவணக் காப்பகத்திலும்தான் இருக்கும். கேட்டும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 8(3) பிரிவின்படி, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுகள் பற்றிய தகவலை மறுக்க அலுவலகத்துக்கு உள்ள காரணங்கள் மிகவும் சுருங்கிவிடுகின்றன. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதினால் பதிலின் தொனியே மாறும். உங்கள் ஏரிக் குறிப்பேடுகளுக்கும் இதே வழிதான்.

கடைசியாக, பிரதி எடுப்பது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி அரசு வெளியீட்டுக்கு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். நீங்கள் எடுத்துக்கொண்ட காலத்தின் அரசு வெளியீடுகள் எல்லாம் அந்த வரம்பைத் தாண்டிவிட்டன. முழுப் பக்கங்களையும் வரைபடங்களையும் ஆய்வேட்டில் அப்படியே சேர்க்கலாம். நூலகம் படம் எடுக்க விடவில்லை என்றால் அது தாள் நொறுங்கிவிடும் என்ற கவலையில் வைத்த உள் விதி. எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று குறித்து எழுத்தில் கேளுங்கள். 'பாசனம் பற்றிய எல்லாம்' என்று கேட்டால் மறுப்பார்கள், பதினாறு பக்கம் என்று கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.